பால்கனியிலும் ஜன்னல் கிரில்லிலும் காய்கறி: சென்னை அடுக்ககங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை மாடித் தோட்டத்துக்கான குறிப்புகள் தமிழில் ஏராளமாக இருக்கின்றன. அவற்றை அப்படியே பால்கனிக்குக் கொண்டுவந்தால் பாதிக்கு மேல் பொய்த்துப்போகும். மாடிக்கு நாள் முழுவதும் வெயில் உண்டு. பால்கனிக்குத் தலைக்கு மேல் இன்னொரு வீட்டின் தளம் இருக்கிறது, எதிரே பக்கத்துக் கட்டடம் இருக்கிறது, வெயில் ஒரே ஒரு பக்கத்திலிருந்துதான் நுழைகிறது. எனவே இங்குள்ள பதில்கள் எல்லாமே பால்கனியையும் ஜன்னலையும் மனத்தில் வைத்து, சென்னையின் வெயிலையும் தண்ணீரையும் கணக்கில் கொண்டு எழுதியவை. கடலோரத்தில் கடலூர், புதுச்சேரி வரை பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் என்ன வாங்க வேண்டும்?

எதையும் வாங்க வேண்டாம். ஒரு விடுமுறை நாளில் காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை, மணிக்கு ஒருமுறை பால்கனிக்குப் போய், நேர் வெயில் எங்கே விழுகிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பக்கத்தில் மணியையும் எழுதுங்கள். ஜன்னல் என்றால் கிரில்லின் எந்தக் கம்பி வரை வெயில் வருகிறது என்று பாருங்கள். அறை வெளிச்சமாக இருப்பதும் செடியின் மேல் வெயில் படுவதும் வேறு வேறு. நம் கண் இதில் எளிதாக ஏமாந்துவிடும். தொட்டி, மண், விதை எல்லாவற்றையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், வெயிலை மாற்ற முடியாது. அதனால் அந்தக் கோடுகளைப் பார்த்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

எங்கள் பால்கனி தெற்குப் பார்த்தது. மே மாதத்தில் ஊரே எரிகிறது, எங்கள் செடிக்கு மட்டும் வெயில் இல்லை. ஏன்?

சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் இங்கே ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் கடைசி வாக்கிலும் ஆகஸ்ட் நடுவிலும், உச்சிவேளையில் நேர் தலைக்கு மேல் நிற்கிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் நமக்குச் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். அப்போது தெற்குப் பால்கனிக்கு மேல் வீட்டுத் தளமே குடையாகிவிடுகிறது. அதே மாதங்களில், ஆண்டு முழுவதும் நிழல் என்று நாம் ஒதுக்கிவைத்த வடக்குப் பால்கனிக்குக் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் கிடைக்கும்.

செப்டம்பர் முதல் மார்ச் வரை நிலைமை தலைகீழ். சூரியன் தெற்கே சாய்கிறது. டிசம்பர் உச்சியில் அது தொடுவானத்திலிருந்து 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும் என்பதால் வெயில் தெற்குப் பால்கனியின் உள்ளே வரை நீளும். சென்னையில் காய்கறிக்கு நல்ல பருவமும் அதுதான். ஆகவே தெற்குப் பால்கனிக்காரர்கள் கோடையில் மனம் தளர வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் விதைத்தால் வெயிலும் பருவமும் சேர்ந்து கைகொடுக்கும்.

கிழக்குப் பால்கனி எல்லாவற்றிலும் சிறந்தது. காலை வெயில் செடிக்கு உணவு தயாரிக்கப் போதும், பிற்பகல் சூடு தாக்காது. மேற்குப் பால்கனியில் வெயில் கிடைக்கும், ஆனால் அது மதியம் 1 மணிக்கு மேல் வரும் கடும் வெயில். சுவரும் தரையும் சூடேறி இரவு வரை அனல் வீசும். அங்கே மிளகாய், கத்தரி, கொத்தவரை தாக்குப்பிடிக்கும். கொத்தமல்லியும் பாலக்கும் துவண்டுவிடும்.

சாக்பீஸ் கோட்டை ஆண்டுக்கு இரண்டு முறையாவது, ஜூனிலும் டிசம்பரிலும் போட்டுப் பார்ப்பது இதனால்தான் முக்கியம்.

எத்தனை மணி நேர வெயிலுக்கு எந்தச் செடி?

காய் காய்க்கும் செடி எதுவானாலும் 5 முதல் 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். தக்காளி, வெண்டை, கத்தரி, மிளகாய், அவரை, பாகல் எல்லாம் இதில் அடங்கும். 3 அல்லது 4 மணி நேரம் இருந்தால் சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை, வெந்தயக்கீரை, பாலக் வரும். 2 மணி நேரம்தான் என்றால் புதினா, வல்லாரை, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை.

அதற்கும் குறைவாக இருந்தால் அங்கே காய்கறி வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வெந்தயத்தைத் தட்டில் அடர்த்தியாக முளைக்கவிட்டு, இரண்டு அங்குலம் வளர்ந்ததும் வெட்டிச் சாலட்டில் போடலாம், அவ்வளவுதான். வெயில் இல்லாத இடத்தில் தக்காளியை வைத்து, உரக் கடைக்கு நடையாய் நடக்கிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்தச் செடிக்கு உரம் குறையவில்லை.

பால்கனி பாரம் தாங்குமா?

இதைக் கேட்காமல் தொடங்குகிறவர்கள்தான் அதிகம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, குடியிருப்புகளின் பால்கனியைச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைக்கச் சொல்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் நீங்கள், துணி துவைக்கும் இயந்திரம், பழைய சாமான்கள் எல்லாம் அடக்கம். கடலோர உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும் பழைய கட்டடங்களில் அந்த எண்ணை நம்பவே கூடாது. பால்கனியின் அடிப்பக்கத்தில் விரிசலோ துருக்கறையோ தெரிந்தால், பொறியாளர் ஒருவர் பார்க்கும் வரை ஒரு தொட்டிகூட வைக்காதீர்கள்.

12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள வளர்ப்புப் பையில், மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் 18 லிட்டர் அளவு பிடிக்கும். அதை வெறும் செம்மண்ணால் நிரப்பி நனைத்தால் 30 கிலோவைத் தாண்டிவிடும். தேங்காய் நார்க் கழிவு கலந்த கலவை என்றால் 18 முதல் 20 கிலோ. கனமான பைகளை வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள். வெளி விளிம்பில் இலேசான கீரைப் பெட்டிகள் மட்டும் இருக்கட்டும்.

ஜன்னல் கிரில்லில் பெட்டி வைக்கலாமா?

வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பெட்டி கிரில் இருந்தால் தாராளமாக வைக்கலாம். அது சுவரில் உறுதியாகப் பதிந்திருக்க வேண்டும். கிரில்லின் அடிக்கம்பிகள் மேல் ஒரு பலகையோ இரும்பு வலையோ போட்டு, அதன் மேல் பெட்டியை வைத்து, கம்பியால் இரண்டு இடத்தில் கட்டிவிடுங்கள். இரண்டு அடி நீளம், 8 அங்குல அகலம், 6 முதல் 8 அங்குல ஆழம் கீரைக்குப் போதும்.

கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டியை வைப்பதும், கொக்கியில் வெளிப்புறமாகத் தொங்கவிடுவதும் கூடவே கூடாது. மூன்றாவது மாடியிலிருந்து விழும் ஒரு சிறு தொட்டி ஆளைக் கொன்றுவிடும். வெயில் சற்றுக் குறைந்தாலும் உள்பக்கமே தொங்கவிடுங்கள்.

அவசரத்தில் வெளியேறுவதற்கான கதவு வைத்த கிரில் என்றால் அந்தப் பகுதியை மறைக்காதீர்கள்.

எந்தத் தொட்டி நல்லது?

மண் தொட்டியில் வேர் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் கனம் அதிகம், சீக்கிரம் காயும். பிளாஸ்டிக் தொட்டி இலேசு. மேற்குப் பால்கனியில் கருநிறப் பிளாஸ்டிக் வேண்டாம், வேர் வெந்துவிடும். பழைய வாளி, தண்ணீர் கேன் எல்லாம் சரிதான். ரசாயனம் வந்த கேன்களில் சாப்பிடும் பொருளை வளர்க்காதீர்கள்.

ஓட்டைகளை அடியில் மட்டும் போடாமல், அடியிலிருந்து அரை அங்குலம் மேலே பக்கவாட்டில் நான்கைந்து போடுங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் அடி ஓட்டை அடைத்துக்கொண்டு வேர் அழுகும். ஓட்டையின் மேல் கொஞ்சம் தேங்காய் நாரை வைத்தால் மண் வெளியேறாது.

மண் கலவையை எப்படித் தயார் செய்வது?

அளவுப் பாத்திரத்தால் இரண்டு பங்கு தேங்காய் நார்க் கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு செம்மண். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. செம்மண் கிடைக்காவிட்டால் சலித்த தோட்டத்து மண் போதும். கட்டட வேலை நடக்கும் இடத்து மண்ணை எடுக்காதீர்கள், அதில் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்திருக்கும்.

நார்க் கழிவு அழுத்திய கட்டியாக 5 கிலோ எடையில் விற்கிறது. ஊறவைத்தால் 60 லிட்டருக்கு மேல் பெருகும். அதை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அதில் உப்பு இருக்கும். பெரிய பாத்திரத்தில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி ஊறவைத்து என இரண்டு மூன்று முறை அலச வேண்டும். தேநீர் நிறத் தண்ணீர் வெளிறி வரும் வரை அலசினால் போதும். நாற்று முளைத்தவுடன் இலை ஓரம் கருகி நிற்பதற்கு அலசாத நார்க் கழிவு ஒரு முக்கியக் காரணம். இதில் சத்து ஏதும் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஈரத்தைப் பிடித்துவைப்பதுதான் இதன் வேலை, உணவு மண்புழு உரத்திலிருந்துதான் வர வேண்டும்.

மாநிலத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கும் மாடித்தோட்டத் தளையில் (பொருள் தொகுப்பில்) வளர்ப்புப் பைகள், நார்க் கழிவுக் கட்டிகள், விதைகள், உயிர் உரங்கள் எல்லாம் சேர்ந்தே வரும். பால்கனிக்கும் அது பொருந்தும். வழங்கும் காலத்தை விசாரித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

முதன்முதலில் எதைப் பயிரிடலாம்?

கீரை. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். பால்கனியின் அளவுக்கும் வெளிச்சத்துக்கும் நம் சமையலுக்கும் ஒருசேரப் பொருந்துவது கீரை ஒன்றுதான். பூக்க வேண்டாம், காய்க்க வேண்டாம், தேனீ வர வேண்டாம். விதைத்த மூன்று நான்கு நாளில் முளைக்கும், 25 நாளில் வாணலிக்கு வரும்.

சிறுகீரையிலிருந்து தொடங்குங்கள். விதை மிக நுண்ணியது என்பதால் ஒரு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். மேலே கால் அங்குலத்துக்கும் குறைவாக மெல்லிய மண் தூவி, தண்ணீரைத் தெளித்துவிடுங்கள், ஊற்றாதீர்கள். எறும்பு விதையைத் தூக்கிச் செல்லும் என்பதால் பெட்டியைச் சுற்றிச் சாம்பல் தூவுவது நல்லது. நெருக்கமாக முளைத்தவற்றைப் பத்து நாளில் பிடுங்கிப் பருப்போடு போட்டுவிடுங்கள். இரக்கப்பட்டு விட்டுவைத்தால் காற்றோட்டம் இல்லாமல் நாற்று அடித்தண்டில் அழுகிச் சாயும்.

நான்கு பெட்டிகள் இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு பெட்டி என்று விதைத்தால், நான்காவது பெட்டியில் விதைத்த சில நாளில் முதல் பெட்டி அறுவடைக்கு வந்துவிடும். அறுத்த பெட்டியில் ஒரு கை மண்புழு உரம் கலந்து மறுபடி விதைக்கலாம். வாரம் ஒரு நாள் வீட்டுக் கீரை என்பது இப்படித்தான் சாத்தியமாகிறது.

அரைக்கீரையை வேரோடு பிடுங்க வேண்டாம். தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு நறுக்கினால் மறுபடி துளிர்க்கும், மாதக்கணக்கில் அறுக்கலாம். பொன்னாங்கண்ணிக்கும் புதினாவுக்கும் விதை தேடி அலைய வேண்டாம். சந்தையில் வாங்கிய கட்டில் இலையை ஆய்ந்துகொண்டு, தடித்த தண்டுகளை ஈர மண்ணில் சாய்வாக ஊன்றினால் பத்து நாளில் வேர்விடும். புதினாவுக்குத் தனித் தொட்டி கொடுங்கள், பக்கத்துச் செடியின் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும்.

ஜன்னல் கிரில்லுக்கென்றே படைத்ததுபோல் ஒரு கீரை உண்டு: கொடிப்பசலை. ஒரு சாண் தண்டை ஊன்றினால் போதும், கம்பியைப் பற்றி ஏறும். அரை நிழலிலும் தடித்த, பளபளப்பான இலை விடும். வேண்டியபோது பத்து இலை பறித்துக் கூட்டு வைக்கலாம், பஜ்ஜி போடலாம். வெயிலுக்கு மறைப்பாகவும் இருக்கும்.

கொத்தமல்லி ஏன் முளைப்பதே இல்லை?

தனியா ஒவ்வொன்றும் இரண்டு விதை சேர்ந்த உருண்டை. சப்பாத்திக் கட்டையால் இலேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து விதைக்க வேண்டும். முளைக்க 8 முதல் 12 நாள் ஆகும், அதற்குள் பொறுமை இழந்து கிளறிவிடாதீர்கள். சித்திரை, வைகாசியில் சென்னையில் கொத்தமல்லி தேறாது. ஐப்பசி முதல் மாசி வரை அருமையாக வரும்.

எந்த மாதத்தில் விதைக்க வேண்டும்?

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி பால்கனிக்கும் பொருந்தும். வெண்டை, கத்தரி, மிளகாய், அவரை, கொடி வகைகளுக்கு ஆடி, ஆவணி. தக்காளி, முள்ளங்கிக்குப் புரட்டாசி வரை பொறுக்கலாம். தைப்பட்டத்தில் வெண்டை, கொத்தவரை, கத்தரி மறுபடி போடலாம். கீரைக்குப் பட்டம் இல்லை, ஆண்டு முழுவதும் விதைக்கலாம். அக்னி நட்சத்திர நாள்களில் மட்டும் புதிதாக நாற்று நடாமல், இருப்பதைக் காப்பாற்றினால் போதும்.

தக்காளி பூத்துக் குலுங்குகிறது, எல்லாம் உதிர்ந்துவிடுகிறது. ஏன்?

மாதத்தைச் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லிவிடலாம். இரவு வெப்பம் 24 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் வலுவிழக்கிறது. சென்னையின் மே மாத இரவு 28 டிகிரியை ஒட்டியே இருக்கும். அப்போது பூ உதிர்வது இயற்கை, எந்த மருந்தும் உதவாது. ஆவணி கடைசியில் விதைத்து, 25 நாள் நாற்றை நட்டால், மார்கழி, தை மாதக் குளிர்ந்த இரவுகளில் காய் பிடிக்கும். பெரியகுளம் 1 என்ற ரகம் தமிழ்நாட்டுச் சூட்டுக்கு ஏற்றது, செடியும் குட்டையாக இருக்கும்.

குளிர்ந்த மாதத்திலும் உதிர்ந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று, வெயில் போதவில்லை. மற்றொன்று, காற்றசைவு இல்லை. தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஆனால் பூ குலுங்கினால்தான் மகரந்தம் உதிரும். மூடிய பால்கனியில் காலை 9, 10 மணிக்குப் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். மிளகாய்க்கும் கத்தரிக்கும் இதே முறை.

காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிவிழுந்தால் அது பூச்சியால் வந்தது என்று எண்ணி மருந்து அடிக்காதீர்கள். சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலும் ஒருநாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று தண்ணீர் விடுவதுதான் மூலகாரணம். தினமும் சீராக விட்டால் அடுத்த காய்கள் சரியாகிவிடும்.

நால்வர் உள்ள குடும்பத்துக்கு எத்தனை செடி வேண்டும்?

மிளகாய் இரண்டு செடி போதும், மிச்சமே இருக்கும். கத்தரி மூன்று செடி இருந்தால் வாரம் ஒருமுறை குழம்புக்குக் கிடைக்கும். முதல் அறுவடை ஓய்ந்ததும் கிளைகளைக் கவாத்து செய்து உரமிட்டால் மறுபடி காய்க்கும். பாலூர் 1 போன்ற ரகங்கள் தொட்டிக்கு ஒத்துவரும். வெண்டைக்குப் பைக்கு ஒரு செடிதான். ஒரு நாள் பொரியலுக்கு ஆறு செடியாவது வேண்டும், முற்றுவதற்குள் ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். நான்கு காய் இன்று, மூன்று காய் நாளை மறுநாள் என்று குளிர்பதனப் பெட்டியில் சேர்த்துவைத்துச் சமைக்க வேண்டியிருக்கும்.

காய்கறிச் செலவு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டுத் தொடங்காதீர்கள். கீரை, புதினா, கொத்தமல்லி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் ஆகியவற்றைக் கடையில் வாங்குவது வெகுவாகக் குறையும். மற்ற காய்களுக்குச் சந்தைக்குப் போகத்தான் வேண்டும்.

கிரில்லில் பாகல், புடலை ஏற்றலாமா? பிஞ்சு பழுத்து விழுந்துவிடுகிறதே?

வெயில் இருந்தால் ஏற்றலாம். 15 அங்குலப் பை வேண்டும். கொடி வகைகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. முதல் ஓரிரு வாரம் ஆண் பூ மட்டுமே வரும், கவலைப்பட வேண்டாம். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் வடிவம் தெரியும். அதற்கு மகரந்தம் கிடைக்காவிட்டால் மஞ்சளாகி விழுந்துவிடும். நான்காவது, ஐந்தாவது மாடியில் தேனீ வருவது அரிது. ஆகவே நாமே செய்ய வேண்டும்: ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவ வேண்டும்.

நேரம்தான் முக்கியம். பாகல் விடியற்காலையில் பூக்கும், எனவே காலை 8 மணிக்குள் தடவுங்கள். பீர்க்கு, சுரை மாலையில் விரியும். புடலை பொழுது சாய்ந்த பிறகு. காலையில் எழுந்து பீர்க்கம்பூவைத் தேடுகிறவர்களுக்கு வாடிய பூதான் கிடைக்கும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கோவைக்காய் வையுங்கள். பெண் கொடியின் தண்டை ஊன்றிவிட்டால் மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே காய்க்கும். காய்த்த கொடியிலிருந்து தண்டு வாங்குங்கள்.

எவ்வளவு தண்ணீர்? போர் தண்ணீர், ஆர்.ஓ. கழிவு நீர், ஏ.சி. தண்ணீர் விடலாமா?

மேலே காய்ந்திருக்கிறது என்று உடனே ஊற்றாதீர்கள். நார்க் கழிவின் மேற்பரப்பு காய்ந்தாலும் அடியில் ஈரம் நிற்கும். விரலை இரண்டாம் கணு வரை நுழைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். கோடையில் காலை ஒருமுறை, மேற்குப் பால்கனிக்கு மாலையிலும் ஒருமுறை தேவைப்படும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைகூடப் போதும்.

உப்புப் போர் தண்ணீர் விடும் வீடுகளில் தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் படியும், இலை நுனி கருகும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரையோ மழை நீரையோ அடியில் வழியும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரில் அந்த உப்புதான் செறிந்து வருகிறது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள், செடிக்கு வேண்டாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு கிடையாது, கோடையில் அதுவே நாளுக்குச் சில லிட்டர் சேரும், தாராளமாக விடலாம். ஏ.சி.யை மருந்து தெளித்துக் கழுவிய அன்று மட்டும் கொட்டிவிடுங்கள். அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர் இரண்டும் நல்லவை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு மக்கள் காத்திருந்த நாள்களில் பல செடிகள் பிழைத்தது இந்த நீரால்தான்.

கீழ் வீட்டார் தண்ணீர் சொட்டுகிறது என்று சண்டைக்கு வருகிறார்கள்.

அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. காயப்போட்ட துணியில் செம்மண் தண்ணீர் சொட்டினால் யாருக்கும் கோபம் வரும். எல்லாத் தொட்டிக்கும் அடியில் தட்டு வையுங்கள், மெதுவாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதை அரை மணி நேரத்தில் மறுபடி செடிக்கே ஊற்றிவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கும் தெளிந்த நீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். தட்டு வறண்டிருந்தால் அந்தப் பயம் இல்லை. முதல் அறுவடையில் ஒரு கட்டுக் கீரையைக் கீழ் வீட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள், பேச்சே மாறிவிடும்.

நாற்றம் இல்லாத உரம் எது?

மண்புழு உரம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பைக்கு இரண்டு கை தூவி, மேல் மண்ணைக் கொத்திவிட்டுத் தண்ணீர் விட்டால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம், கொஞ்சம் மணம் இருக்கும். கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துப் பத்து மடங்கு நீர் சேர்த்து விடுவது மிக நல்லது, ஆனால் அந்த வாடை இரண்டு நாள் வீட்டுக்குள் நிற்கும். மீன் கழிவையும் வெல்லத்தையும் நொதிக்கவைத்துச் செய்யும் மீன் அமிலத்தை அடுக்ககத்தில் பயன்படுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காய்கறித் தோலைப் பச்சையாகத் தொட்டியில் புதைக்காதீர்கள். கரப்பானும் எலியும் தேடி வரும்.

இலையடியில் வெள்ளைப் பஞ்சு போல் ஒட்டியிருக்கிறது. என்ன செய்வது?

மாவுப்பூச்சி. அது பரவுவதற்கு எறும்பும் ஒரு காரணம். அதன் இனிப்புக் கசிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், செடிக்குச் செடி தூக்கியும் செல்லும். கொஞ்சமாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். அதிகமானால் கிளையை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, நன்றாகக் குலுக்கி, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் இதே மருந்துதான். கீரைக்கு மட்டும் தெளிக்காதீர்கள், கசப்பு போகாது. பூச்சி விழுந்த கீரையை அறுத்தெறிந்துவிட்டு மறுபடி விதைப்பதே எளிது.

வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சள் வலை போல் ஓடினால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். மருந்து இல்லை. அந்தச் செடியை அன்றே பிடுங்கிவிடுங்கள், பக்கத்துச் செடியாவது பிழைக்கும். மேற்குப் பால்கனியில் இலையடியில் நுண்ணிய நூல் படலம் தெரிந்தால் செஞ்சிலந்திப் பேன். உலர்ந்த சூட்டில் பெருகும். நாலைந்து நாள் தொடர்ந்து இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சினால் குறையும்.

புறாக்கள் எல்லாவற்றையும் கொத்திவிடுகின்றன.

வலை ஒன்றே வழி. பால்கனி முழுவதும் நைலான் வலை அடிப்பது செலவு. அதற்கு மனமில்லை என்றால், விதைத்த பெட்டிகளின் மேல் பழைய கொசுவலைத் துணியை வளைத்துக் கட்டுங்கள். நாற்று நான்கு அங்குலம் வளர்ந்துவிட்டால் புறா அதிகம் தொடாது. தொட்டியில் சுள்ளி வைக்கத் தொடங்கியதுமே எடுத்துவிடுங்கள். முட்டையிட்ட பிறகு கலைக்க யாருக்கும் மனம் வராது.

மழைக்காலத்திலும் புயலிலும் என்ன செய்வது?

இங்கே பால்கனிக்கு ஒரு பெரும் நன்மை உண்டு. மொட்டை மாடியில் வடகிழக்குப் பருவமழை நாற்றையெல்லாம் அடித்துப்போடும்போது, மேல் தளத்தின் கீழ் இருக்கும் உங்கள் செடிகள் தப்பிவிடும். மேகமூட்டமான நாள்களில் தண்ணீரை மட்டும் குறைத்துவிடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் தொங்கும் தொட்டிகளையும் கிரில் பெட்டிகளையும் முந்தைய நாளே வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் பெருமரங்களையே சாய்த்த ஊர் இது. கனமான பைகளைச் சுவரோரம் நெருக்கி வைத்து, உயரமான செடிகளைக் கிடத்திவிடுங்கள்.

பத்து நாள் ஊருக்குப் போகிறோம். செடி என்ன ஆகும்?

பக்கத்து வீட்டில் சாவி கொடுக்க முடிந்தால் அதற்கு நிகரில்லை. இல்லாவிட்டால் எல்லாத் தொட்டிகளையும் நிழலான மூலையில் ஒன்றாகச் சேருங்கள். நடுவில் சற்று உயரத்தில் மூடியிட்ட வாளித் தண்ணீரை வைத்து, பழைய பருத்திப் புடவையைக் கிழித்துத் திரித்த திரிகளின் ஒரு முனையை வாளியின் அடிவரையும் மறுமுனையைத் தொட்டி மண்ணில் நான்கு அங்குல ஆழத்திலும் புதையுங்கள். ஈரம் திரி வழியே இறங்கிக்கொண்டே இருக்கும். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே வைத்து, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்துத் திரியின் தடிமனைக் கூட்டிக் குறைக்கலாம். இதில் கத்தரியும் மிளகாயும் தாங்கும். கீரையை அறுத்துச் சமைத்துவிட்டே கிளம்புங்கள்.

கறிவேப்பிலை ஒல்லியாக ஒரே குச்சியாக நிற்கிறது.

முதல் ஆண்டில் அது மெதுவாகத்தான் வளரும். ஒரு முழ உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை விடும். இலையை ஒவ்வொன்றாக உருவாமல், ஈர்க்கோடு கிளை நுனியை ஒடித்து எடுத்தால் இன்னும் அடர்ந்து தழைக்கும். பூவும் காயும் வந்தால் அகற்றிவிடுங்கள். நீர்த்த புளித்த மோரை மாதம் இருமுறை ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பறவை எச்சம் போல் ஒரு புழு இலையில் ஒட்டியிருந்தால் அது பட்டாம்பூச்சியின் புழு. இளஞ்செடியை ஓரிரு நாளில் மொட்டையடித்துவிடும் என்பதால் எடுத்துவிடத்தான் வேண்டும். செடி பெரிதாக இருந்தால் ஒரு கிளையை அதற்கு விட்டுக்கொடுக்கலாம்.

நாட்டு விதையா, ஹைபிரிட் விதையா?

கீரை, வெண்டை, கத்தரி, அவரைக்கு நாட்டு விதையே என் தேர்வு. அடுத்த பட்டத்துக்கு நாமே விதை எடுத்துக்கொள்ளலாம். ஹைபிரிட் முதல் முறை நன்றாகக் காய்க்கும், அதன் விதையைப் போட்டால் தாய்ச்செடி போல் வராது. சந்தைத் தக்காளியைப் பிழிந்து போட்டால் முளைக்கும், ஆனால் எப்படிக் காய்க்கும் என்று சொல்ல முடியாது. இளஞ்சிவப்பு, நீலம் போன்ற சாயம் பூசிய விதைகள் மருந்து கலந்தவை. தொட்டால் கையைக் கழுவுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

விதை எடுக்க, நோயில்லாத நல்ல செடி ஒன்றை அறுக்காமல் விட்டுவையுங்கள். கீரைக் கதிர் பழுப்பாகிக் காய்ந்ததும் காகிதத்தின் மேல் உதறினால் கறுப்பு விதைகள் உதிரும். வெண்டைக்காய் செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது பறியுங்கள். கத்தரி மஞ்சளாகப் பழுத்த பிறகு விதையைக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். எல்லாவற்றையும் ஒரு வாரம் நிழலில் காயவைத்து, கொஞ்சம் சாம்பலோடு கலந்து, கண்ணாடிச் சீசாவில் போட்டு, பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டி, வெளிச்சம் படாத இடத்தில் வைத்தால் அடுத்த ஆடி வரை கெடாது.